பொதுநலத் தொடர்பியல் வட்டம்: மூன்றாம் கூட்டத்துக்கு நான்கு பேர்தான் வந்தார்கள். எங்கே கோட்டை விட்டேன்?

கெடிலக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் தேவனாம்பட்டினம். தினமும் காலையில் கடலூரில் பஸ் ஏறி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் எல்லாம் தாண்டிப் போய் மக்கள் தொடர்பியல் பாடம் எடுக்கிற கௌரவ விரிவுரையாளர். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள். சொன்னால் அடுத்த வருடம் எனக்கு அந்த பஸ்ஸில் வேலை இருக்காது.

இந்த வட்டத்தின் கதை 2024 நவம்பர் கடைசியில் தொடங்கியது. ஃபெஞ்சல் புயல் வந்துகொண்டிருக்கிறது. டிவியில் அடியில் ஓடுகிறது: கடலூர், புதுச்சேரி துறைமுகங்களில் இத்தனாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம். அம்மா பெட்டிக்கடை வைத்திருக்கிறார். கடையில் நின்றவர்கள் கேட்க, அம்மா என்னைக் கேட்டார்: "இந்த நம்பருக்குக் கடைய சாத்தணுமா, ஊர விட்டுக் கிளம்பணுமா? நீதான் இதெல்லாம் படிச்சவளாச்சே." எனக்குத் தெரியவில்லை. தொடர்பியலில் எம்.பில். முடித்தவள், கடற்கரையில் பிறந்தவள், தெரியவில்லை.

அன்று ராத்திரி தேடிப் படித்தேன். 1, 2 என்றால் புயல் எங்கோ தொலைவில். 3, 4 வந்தால் துறைமுகத்திலேயே காற்று மோசமாகும். 5, 6, 7 ஆபத்து. 8, 9, 10 பெரும் ஆபத்து. நாம் எல்லோரும் 10 என்றால் 9ஐ விட மோசம் என்று நினைக்கிறோம் இல்லையா? அப்படி இல்லை. மூன்றும் ஒரே அளவு ஆபத்துதான். புயலின் பாதைக்குத் துறைமுகம் இடப்பக்கம் இருந்தால் 8, வலப்பக்கம் இருந்தால் 9, துறைமுகத்தின் மேலேயோ அருகிலோ கடந்தால் 10. எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது 11: வானிலை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். எங்கள் துறை வாசலில் நிரந்தரமாக ஏற்றி வைக்கலாம்.

கல்லூரி திறந்ததும் வகுப்பில் கேட்டேன். நாற்பது பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தப் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தென்பெண்ணையில் திறந்துவிட்டார்கள். செய்தியில் 'கன அடி' என்று சொன்னார்கள். என் சித்தி வீட்டுத் தெருவில் அது கணுக்காலா, கழுத்தா என்று யாரும் சொல்லவில்லை.

இதைப் பற்றி மேய்ந்துகொண்டிருந்தபோதுதான் அமெரிக்காவில் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் இதழியல் கல்லூரி பொதுநலத் தொடர்பியலைத் தனித் துறையாகவே வளர்த்து வருவது கண்ணில் பட்டது. ராபர்ட் வுட் ஜான்சன் அறக்கட்டளையில் பல வருடம் தொடர்புப் பணி பார்த்த ஃபிராங்க் காரெல் பெயரில் அங்கே ஒரு பேராசிரியர் இருக்கை. 2014ல் 'ஃபிராங்க்' என்றே ஒரு கூடுகையும் தொடங்கினார்கள், ஆராய்ச்சி செய்கிறவர்களும் களத்தில் நிற்கிறவர்களும் சேர்ந்து உட்கார. 2017ல் ஓர் ஆய்விதழும் வந்தது. அவர்கள் போடுகிற கோடு எனக்குப் பிடித்தது. மக்கள் தொடர்பு வேலை (பி.ஆர்.) ஒரு நிறுவனத்துக்காகச் செய்வது. பொதுநலத் தொடர்பியல் எந்த ஒரு நிறுவனத்தின் லாபத்தையும் தாண்டிய காரியத்துக்காக, ஜனங்கள் செய்கிற ஏதோ ஒன்று உண்மையில் மாறி, மாறியபடியே நிற்பதற்காக. விழிப்புணர்வுப் பேரணி போய் வந்து ஜூஸ் குடிப்பது இதில் சேராது.

நாமும் தொடங்கலாம் என்று 'பொதுநலத் தொடர்பியல் வட்டம்' ஆரம்பித்தேன். முதல் நாள் குத்துவிளக்கு, டீ, சமோசா, 61 பேர். இரண்டாம் கூட்டத்துக்கு 22. மூன்றாவதற்கு நான்கு. (பெயரிலேயே கோளாறோ என்னவோ. ஒரு பையன், 'மேடம், பொதுநல வழக்கு போடப் போறோமா?' என்று கேட்டான். அலுவலகத்தில் ஒருவர் புது போன் கனெக்‌ஷன் திட்டம் என்று நினைத்துவிட்டார்.) வாட்ஸாப் குழுவில் 118 பேர் இருக்கிறார்கள். காலை வணக்கம் போடுகிறார்கள்.

இதற்கிடையே மேலே இருந்து இரண்டு கோரிக்கை. நாக் (கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு போடும் அமைப்பு) கோப்புக்கு ஜியோடேக் போட்டோ, அதாவது எடுத்த இடம் பதிவான படம், வேண்டும். அட்மிஷன் சமயத்தில் வட்டத்துப் பிள்ளைகள் கல்லூரியைப் பற்றி ரீல்ஸ் எடுத்துத் தர வேண்டும்.

கேள்வி இதுதான். ஆட்களை எப்படி நிறுத்தி வைப்பது? இதைப் பாடமாக வைப்பதா, சங்கமாக வைப்பதா? ரீல்ஸ் எடுக்க மாட்டோம் என்று வேலை போகாமல் எப்படிச் சொல்வது?

*

கடைசி பஸ்:

அக்கா, நான் உங்கள் மாணவி இல்லை, ஆனால் இப்படி ஒரு வட்டத்தில் இருந்து ஓடி வந்தவள். ஏன் ஓடினேன் என்று சொல்கிறேன்.

கூட்டம் நாலரைக்கு வைப்பார்கள். எங்கள் ஊருக்கு நேர் பஸ் ஐந்தேகாலுக்கு. அதை விட்டால் இரண்டு பஸ் மாறி எட்டு மணி. ஹாஸ்டல் பெண்களுக்கு ஆறு மணிக்குக் கேட் பூட்டு. ஆக, ஆறு மணி தாண்டி உட்கார்ந்து பேசக்கூடியவர்கள் ஹாஸ்டல் பையன்களும் பைக் வைத்திருக்கிறவர்களும்தான். அவர்கள் எடுக்கிற முடிவு மறுநாள் எங்களுக்கு வாட்ஸாப்பில் வரும். 'டீம் லீட்' யார் என்று கேட்கவே வேண்டாம்.

அப்புறம் பேச்சு முழுக்க இங்கிலீஷ். மலையாளம் பேசும் மாஹேயிலிருந்தும் தெலுங்கு பேசும் ஏனாமிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் இருந்ததால் அது வேண்டியிருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இங்கிலீஷில் ஆறு மாதம் விவாதித்துவிட்டுக் கடைசியில் போஸ்டரைத் தமிழில் எழுத என்னைக் கூப்பிட்டார்கள். 'ட்ரான்ஸ்லேட் பண்ணிடு.' என்ன சொல்வது, யாருக்குச் சொல்வது எல்லாம் முடிவாகிவிட்டது. கையெழுத்து மட்டும் என்னுடையது.

ஆறு மாதத்தில் மூன்று லோகோ மாற்றினோம். லோகோ நல்லா இருந்தது.

*

பழைய மைக்செட்:

கெடிலக்கரை, நாலு பேர்தான் வந்தார்கள் என்று வருத்தமாக எழுதியிருக்கிறாய். அந்த நாலு பேர் யார் என்று ஒரு வரிகூட எழுதவில்லையே அம்மா? 61 பேருக்கு சமோசா கணக்கு வைத்திருக்கிறாய். எதுவும் கொடுக்காமல் வந்த நாலு பேரை ஒரு எண்ணாகப் போட்டுவிட்டாய். முதலில் அதைச் சொல். அதற்குள் நான் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு வயது அறுபத்தேழு. அரியாங்குப்பம் பக்கம். 1990 வாக்கில் எழுத்தறிவு சொல்லிக்கொடுத்த அறிவொளி இயக்கம் புதுச்சேரியில் ஓடியபோது ராத்திரி வகுப்புக்கு அரிக்கேன் தூக்கிய கை இது. தெருநாடகத்துக்குப் பறை கட்டித் தூக்கியிருக்கிறேன். அதற்கு அப்புறம் ஊரில் மைக்செட் வாடகைக்கு விட்டுப் பிழைத்தேன். கல்யாணம், காதுகுத்து, மாசி மகத் தீர்த்தவாரி, கட்சிக் கூட்டம், எல்லாம். ஆகையால் சத்தம் எப்படிப் போகும், எதைக் கேட்பார்கள், எதற்குக் காதை மூடிக்கொள்வார்கள் என்று கொஞ்சம் தெரியும்.

எங்கள் வட்டாரத்தில் 1998ல் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கிராமத் தகவல் மையங்கள் தொடங்கியது. வில்லியனூரில் நடு மையம், சுற்றுக் கிராமங்களில் கம்ப்யூட்டர். இடத்தை ஊர்தான் இலவசமாகத் தர வேண்டும், மையத்தில் உட்காருகிற தொண்டர்களை ஊரே தேர்ந்தெடுக்க வேண்டும், அவர்களில் பெண்கள் இருக்க வேண்டும், சேரிக்காரர் உட்பட யார் வந்தாலும் உள்ளே விட வேண்டும் என்று நிபந்தனை. எம்பலத்தில் கோயில் இடத்திலேயே மையம் இருந்தது, பெண்கள் நடத்தினார்கள். அந்தக் காலத்தில் இது எவ்வளவு பெரிய காரியம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வீராம்பட்டினத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் அலை உயரக் கணிப்பு வரும். அதை எடுத்துத் தமிழாக்கி ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கிறவன் காதில், பின்னுகிற கையை நிறுத்தாமலே விழும். அவன் மையத்துக்கு வர வேண்டாம், படிக்க வேண்டாம், பட்டன் அழுத்த வேண்டாம்.

ஆனால் அந்த ஒலிபெருக்கிக் குழாயில் அலை உயரம் மட்டுமா போகும்? ஊர்க் குழாய் என்றால் காணாமல் போன ஆடு, ரேஷனில் மண்ணெண்ணெய் வந்திருக்கிறது, பத்தாம் வகுப்பு ரிசல்ட், நாளைக்குக் கண் முகாம், எல்லாம் போகும். அற்ப விஷயம்தான். அற்ப விஷயம் தினமும் சரியாக வந்ததால்தான் அந்தக் குரலுக்கு மரியாதை. ஆட்டைப் பற்றிப் பொய் சொல்லாதவன் கடலைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டான் என்று ஊர் ஒரு கணக்கு வைத்திருக்கும். நீங்கள் பேரிடர் தொடர்பியல் என்று பாடம் நடத்துகிறீர்கள். அதில் இந்த ஆடு வருகிறதா?

2004 டிசம்பர் 26 காலை நல்லவாட்டில் நடந்தது உனக்கும் தெரிந்திருக்கும், நீ தினம் அந்த வழியாகத்தான் போகிறாய். சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்ப் பையன் டிவியில் அலையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டான். வீட்டில் கடல் தண்ணீர் உள்ளே வருகிறது என்றார்கள். எல்லோரையும் கிளப்புங்கள் என்றான். ஊர்க்காரர்கள் தகவல் மையத்தின் கதவை உடைத்து உள்ளே போய் ஒலிபெருக்கியில் சொன்னார்கள், சங்கு ஊதினார்கள். 3,600 பேர் வசிக்கிற ஊர். வீடுகள் போயின, படகுகள் போயின. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

இதைச் சொல்கிறவர்கள் போன் வந்த அதிர்ஷ்டத்தைத்தான் சொல்கிறார்கள். எனக்கு அந்தக் கதவுதான் முக்கியம். ஒரு நெருக்கடியில் எந்தக் கதவை உடைக்க வேண்டும் என்று ஊருக்குத் தெரிந்திருந்தது. உங்கள் பல்கலைக்கழகத்தில் அப்படி ஒரு கதவு இருக்கிறதா? வெளியே யாராவது, 'இன்று அவர்கள் சொல்லவில்லையே, என்ன ஆயிற்று?' என்று கேட்பார்களா? அப்படிக் காத்திருக்க ஒரே ஒரு ஆள் கிடைத்தால்போதும், உன் வட்டம் நிற்கும். ஆள் இல்லாமல் லோகோ இருந்தால் கடைசி பஸ் சொன்ன கதைதான். அந்தப் பெண்ணின் பதிவை மூன்று தடவை படித்தேன்.

ஆகவே கூட்டம் போடாதே. முறை போடு. திங்கள் இவர், செவ்வாய் அவர் என்று கோயில் மண்டகப்படி மாதிரி. தினம் ஒரு சின்னத் தகவல், ஒரே நேரத்தில், ஒரே இடத்தில். முறை வந்தவன் வரவில்லை என்றால் வெளியே ஒருவனுக்குத் தகவல் போகவில்லை என்பது உடனே தெரியும். கூட்டத்துக்கு வரவில்லை என்றால் யாருக்கு என்ன நஷ்டம்?

இன்னொன்று, காலண்டர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீனவன் கரையில் சாவகாசமாக உட்கார்ந்து பேசுவது அப்போதுதான். அப்போது உங்கள் பிள்ளைகள் பரீட்சை எழுதிவிட்டு ஊருக்குப் போய்விடுவார்கள். நீங்கள் உற்சாகமாக ஆகஸ்டில் வருவீர்கள், அவன் விடியற்காலை கடலுக்குப் போய் மதியம் தூங்குவான். பல வருடமாக இந்தக் கண்ணாமூச்சியைப் பார்க்கிறேன். லீவில் ஊரிலேயே இருக்கிற உள்ளூர்ப் பிள்ளைகள்தான் உனக்கு முதுகெலும்பு. இரண்டு வருடத்தில் படித்துவிட்டுப் போகிறவர்களை மட்டும் வைத்து வட்டம் கட்டினால் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை குத்துவிளக்கு ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

வானொலி தொடங்கலாம் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். வேண்டாம், புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சமுதாய வானொலி புதுவை வாணி 107.8ல் இருக்கிறது. நீ சொல்ல வேண்டிய தகவல் உறுதியாக வந்துகொண்டே இருந்தால் அதைப் பிறகு வானொலியிடம் கொண்டு போகலாம்.

*

உப்பனாற்றங்கரை:

மைக்செட் ஐயா சொன்னதோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறேன். ஆனால் ஆடும் அலையும் யாருக்கும் பகை இல்லாத தகவல். பொதுநலம் என்று இறங்கினால் பகை வரும் தகவலும் வரும். கடலூர்க்காரன் என்ற முறையில் அதைச் சொல்ல வேண்டும்.

எங்கள் சிப்காட் தொழிற்பேட்டை பக்கத்துக் கிராமங்களில் பல வருடமாகப் புகார் ஒன்றே ஒன்றுதான்: நாற்றம். அதிகாரி வருவார், வரும்போது நாற்றம் இருக்காது, போய்விடுவார். 2004ல் ஊர்க்காரர்களே ஒரு கண்காணிப்புக் குழுவாகச் சேர்ந்து பிளாஸ்டிக் வாளியில் காற்றைப் பிடித்தார்கள். கேலி இல்லை. கலிஃபோர்னியாவில் 1990களில் வந்த முறை அது. வாளிக்குள் ஒரு விசேஷப் பை, உறிஞ்ச ஒரு சின்ன பம்ப். நாற்றம் வருகிற நேரத்தில் பையில் காற்றை அடைத்து அமெரிக்காவில் ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது, நாற்றத்துக்குப் பெயர் வைக்கக் கற்றுக்கொண்டது. 'கெட்ட வாடை' என்று எழுதினால் யாரும் மதிக்க மாட்டார்கள். அழுகிய முட்டை, நகப்பூச்சு, எந்த இடம், எத்தனை மணி, காற்று எந்தப் பக்கம் என்று நோட்டில் எழுதினால் அதில் ரசாயனம் தெரிந்தவருக்கு விஷயம் இருக்கிறது. அழுகிய முட்டை என்றால் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்று பத்தாம் வகுப்புப் பையனே சொல்வான். அந்த நோட்டுதான் என் கண்ணில் பொதுநலத் தொடர்பியல் பாடப் புத்தகம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன் மேடம். வட்டத்துப் பிள்ளைகள் இப்படி ஒரு நோட்டை எழுதினால் அது யாருடையது? பல்கலைக்கழகத்துடையதா, ஊருடையதா? எங்கிருந்தாவது ஒரு போன் வந்தால் முதலில் கைவிடப்படுவது யார்? கான்ட்ராக்டில் இருக்கிற நீங்கள். அடுத்தது, ஹால் டிக்கெட்டுக்குப் பயப்படுகிற பிள்ளைகள். ஆகவே நோட்டு ஊரிடம் இருக்கட்டும். பிள்ளைகள் உதவிக்குப் போகட்டும்: தேதி போடுவது, படம் வரைவது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதுவது. மனுவைத் தன் பெயரில் போட எங்கள் ஊரில் ஆள் இருக்கிறது. முப்பது நாளில் பதில் வர வேண்டும் என்று சட்டத்தில் இருப்பதை எண்ணிக்கொண்டு உட்காரத்தான் ஆள் இல்லை.

சங்கமா பாடமா என்றால், இரண்டும் வேண்டாம் என்பேன். என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) ஏற்கெனவே இருக்கிறது. அதில் சேர்ந்த ஒவ்வொரு பிள்ளையும் வருடத்துக்கு 120 மணி நேரம் செய்தாக வேண்டும். புல் பிடுங்கிக் கழிக்கிற மணி நேரத்தை இதற்குக் கேட்டு வாங்குங்கள். ஜியோடேக் போட்டோவும் அதிலேயே கிடைத்துவிடும், மேலிடத்துக்கும் சந்தோஷம்.

ரீல்ஸுக்கு வழி: நீங்கள் சொன்ன அந்தக் கோட்டையே எழுத்தில் காட்டுங்கள். 'ஒரு நிறுவனத்தின் நலனுக்காகச் செய்வது இந்த வட்டத்தின் வேலையில் வராது. விளம்பரப் பயிற்சி வகுப்பில் அதைச் செய்து தருகிறோம்.' மறுப்பு மாதிரி இல்லாமல் இடம் மாற்றி வைப்பது. ஆபீஸில் எதையும் மறுக்கக் கூடாது, கோப்பை அடுத்த மேசைக்குத் தள்ள வேண்டும்.

*

கெடிலக்கரை:

ஐயா கேட்ட கேள்விக்கு முதலில் பதில். அந்த நாலு பேர்:

ஒன்று, ஏனாமிலிருந்து வந்த எம்.ஏ. மாணவி. தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தட்டுத்தடுமாறும், நன்றாக வரைவாள். இரண்டு, கடல் உயிரியலில் ஆராய்ச்சி செய்கிற தம்பி. எங்கள் துறையே இல்லை, வழி தவறி வந்துவிட்டானோ என்று அன்று நினைத்தேன். மூன்று, நூலக அட்டெண்டர் அண்ணன், பனித்திட்டுக்காரர், குடும்பமே கடல் தொழில். அவரை நாற்காலி எடுத்துப் போட வந்தவர் என்று நினைத்துவிட்டேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. அவர் கூட்டம் கேட்க வந்திருக்கிறார். நாலாவது, பஸ்ஸுக்குக் காத்திருந்த முதலாண்டுப் பையன், மழைக்கு ஒதுங்கியவன்.

உங்கள் பதிவைப் படித்த மறுநாள் நாலு பேரையும் நூலக வாசலில் பிடித்தேன். இப்போது ஐந்து வாரம் ஆகிறது. கூட்டம் என்று ஒன்றுகூட நடத்தவில்லை.

மதியம் மூன்றேகால் மணி. ஹைதராபாத்தில் இருக்கிற கடல் தகவல் மையம், இன்காய்ஸ், வெளியிடுகிற அலை, காற்று முன்னறிவிப்பைக் கடல் உயிரியல் தம்பி எடுப்பான். அவன் தமிழில் எழுதியதை அட்டெண்டர் அண்ணன் திருத்துவார். முதல் நாள், 'குறிப்பிடத்தக்க அலை உயரம் 3.0 மீட்டர்' என்று எழுதியிருந்தான். அண்ணன் பார்த்துவிட்டு, "குறிப்பிடத்தக்கன்னா என்ன தம்பி, நல்லதா கெட்டதா?" என்றார். 'அலை பத்தடி வரை எழும்பும்' என்று போட்டோம். அதற்கும் தம்பி சண்டைக்கு வந்தான். அந்தச் சொல் கணக்குப்படி ஒரு வகைச் சராசரி, சில அலைகள் அதைவிடவும் உயரமாக வரும், 'வரை' என்று போட்டால் தப்பு என்றான். அரை மணி நேரம் நடந்தது. கடைசியில், 'பெரிய அலைகள் பத்தடி இருக்கும், இடையில் ஒன்றிரண்டு அதையும் தாண்டும்' என்று நின்றது. பன்னிரண்டு வருடத்தில் நான் பார்த்த நல்ல தொடர்பியல் வகுப்பு அதுதான். நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஏனாம் பெண் கூண்டு எண்களுக்கு ஒரு படம் வரைந்திருக்கிறாள். 8க்கும் 9க்கும் 10க்கும் ஒரே சிவப்பு, புயல் போகும் பக்கம் மட்டும் வேறு. அதில் அண்ணன் ஒரு விஷயம் சேர்த்தார். நம் கரையில் புயல் கிழக்கிலிருந்து மேற்கே ஏறும்போது, அது கடக்கிற இடத்துக்கு வடக்கே இருக்கிற ஊருக்குத்தான் காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கும், தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வரும். தெற்கே இருக்கிறவனுக்குக் கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். அண்ணன் இதைத் தாத்தாவிடம் கேட்டிருக்கிறார், தம்பி புத்தகத்தில் படித்திருக்கிறான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பலகை நூலக வாசலில் ஒன்று. தவளக்குப்பம் டீக்கடையில் ஒன்று, மழைக்கு ஒதுங்கிய பையன் பஸ்ஸில் போகும்போது எழுதிவிட்டுப் போவான். கடைசி பஸ், உன் பதிவுக்கு நன்றிம்மா. ஐந்தேகால் பஸ் கணக்கை வைத்துத்தான் மூன்றேகால் என்று முடிவு செய்தோம். போன வாரம் ஒரு நாள் பையனுக்குக் காய்ச்சல், பலகையில் பழைய தகவலே இருந்தது. மறுநாள் டீக்கடைக்காரர் திட்டினாராம். 'நேத்தையதைப் பாத்துட்டு ஒருத்தன் என்னைக் கேக்கறான், நான் என்ன பதில் சொல்றது' என்று. பையன் வருத்தத்தோடு சொன்னான். எனக்கு வருத்தமே வரவில்லை.

உப்பனாற்றங்கரை சொன்ன மேசை மாற்றும் வித்தை பாதிதான் பலித்தது. ரீல்ஸ் விளம்பர வகுப்புக்குப் போய்விட்டது. ஆனால் பலகையில் பல்கலைக்கழக முத்திரை போட வேண்டும் என்கிறார்கள். போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன என்று புரியவில்லை. நோட்டு விஷயத்தில் எனக்கு இன்னும் பயம்தான். அதை இப்போது தொடப்போவதில்லை, கோழை என்று நினைத்தாலும் பரவாயில்லை.

*

உப்பனாற்றங்கரை:

கோழை என்று யார் சொன்னது. ஒரு வருடம் பலகை தவறாமல் எழுதுங்கள், அப்புறம் பேசலாம். நோட்டு எங்கள் ஊரில் பத்திரமாக இருக்கிறது.

*

பழைய மைக்செட்:

முத்திரை போடாதே. தகவல் யாருடையது என்று மட்டும் எழுது: 'இன்காய்ஸ் சொன்னது, இன்று இத்தனை மணிக்கு.' நாள், மணி இரண்டும் கட்டாயம். புயல் நாளில் எச்சரிக்கையை நீங்களாக விடவே கூடாது. வானிலை மையமும் கலெக்டரும் சொன்னதை அப்படியே புரிகிற பேச்சில் சொல்வதோடு சரி. ஒரு தடவை உங்கள் பலகை சொந்தமாகப் பயமுறுத்திப் பொய்யாகிவிட்டால் ஆட்டுக்குக்கூட யாரும் நம்ப மாட்டார்கள்.

பையனுக்குக் காய்ச்சல் வந்தால் எழுத இரண்டாவது ஆள் யார்? அதை முதலில் பார்.

*

கெடிலக்கரை:

இரண்டாவது ஆள் இல்லை ஐயா. அந்தப் பக்கம் நான் மட்டும்தான் போகிறேன், ஆனால் எனக்கு வகுப்பு முடிய ஐந்தரை. நல்லவாட்டிலேயே யாராவது பிளஸ் டூ பிள்ளை எழுத முன்வந்தால் நன்றாக இருக்கும். தடைக்காலம் தொடங்குவதற்குள் ஒரு சனிக்கிழமை வந்து பஞ்சாயத்தாரைப் பார்க்க நினைக்கிறேன். தவளக்குப்பத்திலிருந்து உள்ளே போக பஸ் எப்போது?

*

பழைய மைக்செட்:

பஸ்ஸை நம்பாதே. ஸ்டாப்பில் இறங்கி அந்த டீக்கடையில் உட்கார், பைக்கில் வந்து கூட்டிப் போகிறேன். அட்டெண்டர் தம்பியையும் அழைத்து வா. அவரை முன்னால் பேசவிடு, நீ பின்னால் நில்.